பெற்றோர் பராமரிப்பும் பேசப்படாத கணக்கும்



இம்மருத்துவமனையின் தரைத்தளத்தில், கட்டணப் பிரிவை அடுத்துள்ள சிறிய அறையில், மருத்துவ சமூகப் பணியாளனாக 18 ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். நாளை வீட்டுக்குச் செல்லலாம் என்று மருத்துவர் கூறியதும், அந்த மகிழ்ச்சியோடு பல குடும்பத்தினர் என் அறைக்கு வருகின்றனர். கட்டணம் எவ்வளவு, காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு ஒப்புக்கொண்டது, மீதியை எப்போது செலுத்தவேண்டும் என்றெல்லாம் கேட்கின்றனர். இனி வீட்டில் மாதந்தோறும் எவ்வளவு ஆகும், அதை யார் தருவார், இரவில் யார் விழித்திருப்பார் என்று கேட்போர் மிகச் சிலரே.

கேட்காமைக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று, கூச்சமும்தான். பெற்ற தாய்க்குச் செய்வதில் கணக்கா என்ற எண்ணம் நம் நாவைக் கட்டிப்போடுகிறது. அந்தக் கூச்சம் பெற்றோரைக் காப்பதில்லை, குடும்பத்தைத்தான் உடைக்கிறது என்பது என் கருத்து. முதியோர் பராமரிப்புக்கான பணத்தைப் பற்றி, அம்முதியவர் தெளிவோடு இருக்கும்போதே, அவரையும் அமர்த்திக்கொண்டு வெளிப்படையாகப் பேசவேண்டும். இதைப் பிறருக்குச் சொல்லும் தகுதி எனக்கு எளிதில் வந்துவிடவில்லை. அதையும் இக்கட்டுரையில் மறைக்கப்போவதில்லை.

காப்பீடு எங்கே முடிகிறது?

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். காப்பீடு இருப்பதால் கவலையில்லை என்று பலர் கருதுகின்றனர். நம் நாட்டில் மருத்துவக் காப்பீடு என்பது பெரும்பாலும் மருத்துவமனைச் சிகிச்சைக்கான காப்பீடேயாகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டம், வருமான வரம்பின்றி 70 வயதும் அதற்கு மேலும் ஆனோர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. தனியார் காப்பீட்டுப் பத்திரங்கள் பலவற்றில் சேர்க்கைக்கு முந்தைய 30 நாள், வீடு திரும்பிய பிந்தைய 60 நாள் செலவுகளும் அடங்கும். இவை யாவும் பயனுள்ளவையே. 2024 ஏப்ரல் முதல், 65 வயது வரையுள்ளோர்க்குப் புதிதாகக் காப்பீடு வழங்கினால் போதும் என்றிருந்த நிலையும் மாறியுள்ளது. ஆகவே இன்னும் காப்பீடு எடுக்காதவர்கள் எடுத்துவிடுவது நல்லது.

எனினும், குளிப்பாட்டுவதற்கும், உணவூட்டுவதற்கும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கையில் திருப்பிப் படுக்கவைப்பதற்கும் இத்திட்டங்கள் எவையும் பணம் தருவதில்லை. பக்கவாதம் வந்தவருக்கும், மறதிநோய் கண்டவருக்கும், இடுப்பெலும்பு முறிந்தவருக்கும் பல ஆண்டுகள் தேவைப்படுவது இந்தப் பணிவிடைதான். ஜெர்மனியில் 1995 முதலும், ஜப்பானில் 2000 முதலும் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு நடைமுறையில் உள்ளது. ஜப்பானியர் 40 வயது தொடங்கியே அதற்குச் சந்தா செலுத்துகின்றனர். முதுமையில் பராமரிப்பு தேவைப்படும்போது, பெரும்பாலோர் செலவில் பத்தில் ஒரு பங்கைச் செலுத்தினால் போதும். நம்மிடம் அத்தகைய ஏற்பாடு இல்லை. இங்கே அந்தக் காப்பீட்டின் இடத்தில் இருப்பது குடும்பம். அதிலும் குறிப்பாக, குடும்பத்தில் உள்ள ஒரு பெண்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன், 74 வயதான ஓர் அம்மையார் பக்கவாதத்தால் இங்குச் சேர்க்கப்பட்டிருந்தார். 11 நாள் சிகிச்சைக்குப்பின் உயிருக்கு ஆபத்து நீங்கியது. வலப்பக்கம் செயலிழந்திருந்தது, பேச்சு சற்றுக் குழறியது. கட்டணம் 2,80,000 ரூபாய். அதில் 2,35,000 ரூபாயைக் காப்பீடு ஏற்றது. இரண்டு மகன்களும் மூத்த மருமகளும் நிம்மதியோடு என் அறைக்கு வந்தனர். ஒரு தாளை எடுத்து, இனி மாதந்தோறும் ஆகக்கூடிய செலவை எழுதிப்பார்ப்போம் என்றேன். தயங்கியபடியே எழுதத் தொடங்கினர்.

பகலில் 12 மணி நேரம் உடனிருக்கும் பணியாளருக்கு நாளொன்றுக்கு 800 ரூபாய், மாதம் 24,000. டயப்பர் நாளொன்றுக்கு நான்கு, மாதம் 4,800. வாரம் மூன்று நாள் வந்து செல்லும் இயன்முறை மருத்துவருக்கு 6,000. மருந்துக்கு 4,500. உயர்த்தித் தாழ்த்தும் கட்டிலும் காற்றுமெத்தையும் வாடகைக்கு 2,500. சத்துமாவு, கையுறை, களிம்பு போன்றவற்றுக்கு 2,000. கூட்டிப் பார்த்தால் மாதம் 43,800 ரூபாய். ஓராண்டுக்கு 5,25,600 ரூபாய். எல்லோரையும் திகைக்கவைத்த மருத்துவமனைக் கட்டணத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு! ஊருக்கு ஊர் இத்தொகை கூடலாம், குறையலாம். சில மாதங்களில் நோயாளி தேறினால் செலவும் குறையும். ஆனால் இக்கணக்கை அவர்கள் எழுதியது அன்றுதான் முதல்முறை.

இளைய மகன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை பேசாதிருந்த மருமகள் மெல்லக் கேட்டார்: "ஐயா, பணியாளர் பகலுக்குத்தானே வருகிறார். இரவுக்கு யார் என்று எழுதவில்லையே?"

அறையில் ஒருவரும் விடை கூறவில்லை. விடை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த இரவுகள் அவருடையவை. அவற்றுக்குத் தாளில் வரி இல்லை. ஆகவே விலையும் இல்லை.

என் வீட்டில் நடந்தது

அன்று மாலை வீடு திரும்பியபின், என் தந்தையாரின் கடைசி ஐந்து ஆண்டுகளை நான் நினைத்துப் பார்த்தேன். அவருக்கு மறதிநோய். அக்காளும் அத்தானும் காரைக்குடியில் தங்கள் வீட்டிலேயே அவரை வைத்துக் காத்தனர். அக்காள் அப்போது ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை, வயது 46, மாத ஊதியம் 22,000 ரூபாய். தந்தையார் ஒருநாள் வாயிற்கதவைத் திறந்துகொண்டு வெளியேறி, மாலை வரை வழிதெரியாமல் அலைந்தார். மறுவாரமே அக்காள் வேலையை விட்டுவிட்டார். அது தாற்காலிகம் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டோம்.

நான் மாதம் 5,000 ரூபாய் அனுப்பினேன். சிங்கப்பூரில் இருந்த தம்பி, மருத்துவமனைச் செலவு வரும்போதெல்லாம் அனுப்பினான். எங்கள் கடமையைச் செய்துவிட்டதாகவே இருவரும் எண்ணினோம்.

கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற தந்தையார், 8 இலட்சம் ரூபாயைத் தம் பெயரில் மட்டும் நிரந்தர வைப்பாக வங்கியில் இட்டிருந்தார். முதுமைக்கு என்று அவர் சேர்த்த பணம் அது. நோய் முற்றியபோது அவரால் கையொப்பமிட இயலவில்லை. எதற்காகக் கையொப்பம் என்பதும் அவருக்கு விளங்கவில்லை. நீதிமன்றம் பாதுகாவலரை நியமித்தாலன்றிப் பணத்தை விடுவிக்க இயலாது என்று வங்கியில் தெரிவித்தனர். நான் நியமனதாரர்தானே என்றேன். நியமனதாரருக்குரிய உரிமை, வைப்பாளர் இறந்தபின்தான் தொடங்குகிறது என்றார் மேலாளர். அவர் கூறியது சட்டப்படி சரியே. முதுமைக்காகச் சேர்த்த 8 இலட்சம் வங்கியில் உறங்கிக்கொண்டிருக்க, அதே மனிதரின் டயப்பருக்கும் மருந்துக்குமாக அக்காளின் வளையல்கள் அடகுக்கடைக்குச் சென்றன. இதை அக்காள் எங்களிடம் அப்போது சொல்லவில்லை.

தந்தையார் மறைந்த சில வாரங்களில் அந்தப் பணம் என் கைக்கு வந்தது. மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கிட்டோம். அது நேர்மை என்றே உளமார நம்பினேன். அக்காள் மறுப்பாக ஒரு சொல்லும் கூறவில்லை.

மருமகளின் கேள்வியைக் கேட்ட அன்றிரவுதான் நான் முதன்முதலாகத் தாளில் எழுதிப் பார்த்தேன். மாதம் 22,000 என்றால், ஐந்தாண்டுக்கு அக்காள் இழந்த ஊதியம் மட்டுமே 13,20,000 ரூபாய். அதோடு வருங்கால வைப்பு நிதியும், பணிமூப்பும் போயின. என் பங்காக நான் அனுப்பியது 3,00,000 ரூபாய். தந்தையாரின் பராமரிப்புக்கு எங்கள் மூவரிலும் மிக அதிகமாகச் செலவிட்டவர், பணமே அனுப்பாதவர் என்று நாங்கள் கருதிய அக்காள்தான். 51 வயதில் முதுகுவலியோடும், வேலையின்றியும் இருந்தவருக்கு நாங்கள் மூன்றில் ஒரு பங்கை எண்ணிக் கொடுத்தோம்.

அன்புக்குக் கணக்கு உண்டா?

பெற்றோர்க்குச் செய்வதை ரூபாயில் அளப்பது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று கூறுவோரை நான் மதிக்கிறேன். என் தந்தையாரும் அப்படித்தான் கூறியிருப்பார். அவர்களிடம் ஒன்றைத்தான் கேட்பேன்: திருமணத்துக்குக் கணக்கு எழுதுகிறோம், மொய்க்குத் தனி ஏடு வைத்து, தலைமுறை கடந்தும் காக்கிறோம், வீடு கட்டும்போது ஒவ்வொரு மூட்டை சிமென்ட்டுக்கும் கணக்கு உண்டு. அவற்றால் அன்பு குறைந்துவிட்டதாக நாம் கருதுவதில்லை. பராமரிப்புக்கு மட்டும் கணக்கு எழுதக்கூடாது என்றால், அச்சுமையைச் சுமப்பவர் யாரோ அவருக்கே அது அநீதியாக முடிகிறது. எழுதப்படாத கணக்கில் எப்போதும் நட்டமடைபவர், கேட்கத் தயங்குபவரே.

முற்காலத்தில் இக்கணக்கு தேவைப்படாமல் இருந்ததற்குக் காரணங்கள் உண்டு. ஒரே கூரையின்கீழ்ப் பலர் இருந்தனர். நோயுற்ற முதியோர் நெடுங்காலம் வாழ்வது அரிதாயிருந்தது. இன்று மருத்துவம் உயிரைக் காக்கிறது. பிள்ளைகளோ ஒருவரும் இருவருமாக வெவ்வேறு ஊர்களில் இருக்கின்றனர். 2011 கணக்கெடுப்பின்போதே இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கு மேல் இருந்தனர். தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் அவ்வயதினர். சூழல் மாறியபின்னும் பழைய மௌனத்தையே கடைப்பிடிப்பதைப் பண்பாடு என்று நான் கொள்ளவில்லை.

மனத்தெளிவு இருக்கும்போதே

பேசத் தொடங்குவதற்குரிய காலம், அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நிற்கும் நேரமன்று. பெற்றோர் தம் கையால் எழுதவும், தம் விருப்பத்தைக் கூறவும் இயலும் காலமே அது. நான் கண்ட அளவில், நான்கு செய்திகளை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தும் குடும்பங்கள் பெருந்துன்பத்திலிருந்து தப்புகின்றன.

முதலாவது, வங்கிக் கணக்கு. பெற்றோரின் பராமரிப்புக்குரிய பணம் இருக்கும் கணக்கையாவது, நம்பிக்கைக்குரிய ஒருவரோடு கூட்டாக, 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' இயக்கலாம் என்ற முறையில் அமைத்துக்கொள்க. நிரந்தர வைப்பிலும் இம்முறை உண்டு. ஆனால் முதிர்வு நாளுக்கு முன் பணத்தை எடுப்பதானால் இருவர் கையொப்பமும் கோரப்படலாம். ஆகவே முழுத் தொகையையும் ஒரே வைப்பாக இடாமல், சிறுசிறு வைப்புகளாகப் பிரித்து, வெவ்வேறு மாதங்களில் முதிருமாறு செய்வது நல்லது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 இலட்சம் ரூபாய் வரை இடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கிடைக்கும். ஆனால் அதைக் கணவனும் மனைவியும் மட்டுமே கூட்டாகத் தொடங்க இயலும். உடலால் மட்டும் இயலாதவர்கள், அறிவு தெளிவாக இருப்பின், சாட்சிகள் முன்னிலையில் கைரேகை வைத்துப் பணம் பெற ரிசர்வ் வங்கியின் விதிகள் இடமளிக்கின்றன. நினைவும் தெளிவும் போய்விட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது.

இரண்டாவது, பவர் பத்திரம் பற்றிய மயக்கம். ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டால் எக்காலத்துக்கும் போதும் என்று பலர் கருதுகின்றனர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, அதிகாரம் அளித்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்த அதிகாரமும் முடிவுக்கு வருகிறது. எப்போது மிகவும் தேவையோ அப்போது அது பயன்படாது. அதன்பின் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். 2024-இல், நினைவிழந்து கிடந்த கணவருக்கு அவர் மனைவியையே பாதுகாவலராக நியமித்து, சிகிச்சைக்காகச் சொத்தை விற்கச் சென்னை உயர்நீதிமன்றம் அனுமதி அளித்தது. நீதி கிடைக்கிறது, ஆனால் அதற்குரிய காலமும் பொருளும் அலைச்சலும், ஏற்கெனவே தளர்ந்துபோன குடும்பத்தின்மீதே விழுகின்றன.

மூன்றாவது, வீடு. இதைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். என் அறையில் நான் கேட்ட மிகத் துயரமான கதைகள் பலவும் ஒரே பத்திரத்தில் தொடங்குகின்றன. பின்னர்ச் சிக்கல் வரக்கூடாது என்று, இருக்கும் ஒரே வீட்டைப் பிள்ளைக்குத் தான செட்டில்மென்ட்டாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டில் விருந்தினரைப்போல் ஒடுங்கி வாழும் முதியோர் பலர். உயிலும் செட்டில்மென்ட்டும் ஒன்றல்ல. உயில் எழுதியவர் இறந்தபின்தான் நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும்வரை அவர் அதை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மென்ட்டோ எழுதிய நாளிலேயே உரிமையைக் கைமாற்றிவிடுகிறது. பொதுவாக அதைத் திரும்பப் பெறுதல் எளிதன்று.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, இதற்கு ஓரளவு பரிகாரம் தருகிறது. தம்மைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை அளித்து, பெற்றவர் அதை நிறைவேற்றாவிட்டால், அப்பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்குமாறு தீர்ப்பாயத்தில் கோரலாம். அத்தகைய நிபந்தனை இருந்தது என்பது நிறுவப்படவேண்டும் என்று 2022-இல் உச்சநீதிமன்றம் கூறியது. 2025-இல் வந்த மற்றொரு தீர்ப்பு, முதியோர் நலன் கருதி இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ளவேண்டும் என்றும், சொத்தைத் திரும்ப ஒப்படைக்கத் தீர்ப்பாயம் ஆணையிடலாம் என்றும் தெளிவுபடுத்தியது. எனவே என் கருத்து இதுவே: வாழும் வீட்டை வாழ்நாளில் எழுதிக் கொடுக்க வேண்டா, உயில் எழுதுங்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால், பராமரிப்பு நிபந்தனையையும், உயிருள்ளவரை வசிக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுத்தில் சேருங்கள். இது பிள்ளைகளை ஐயுறுவது ஆகாது. நல்ல பிள்ளைக்கு அந்த வரியால் எந்த இழப்பும் இல்லை.

நான்காவது, சிகிச்சை பற்றிய விருப்பம். மீளவியலாத நிலையில் செயற்கை மூச்சுக் கருவி வேண்டுமா, வேண்டாவா என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்க 2018-இல் உச்சநீதிமன்றம் வழிசெய்தது. 2023-இல் அந்நடைமுறை எளிதாக்கப்பட்டது. இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். எழுத மனமில்லாவிட்டாலும் பிள்ளைகளிடம் வாய்மொழியாகவேனும் சொல்லிவைப்பது நன்று. தந்தை என்ன விரும்பினார் என்பது தெரியாமல் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் உடன்பிறந்தோர் மோதிக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வீடும் வைப்பும் இல்லாதவர்க்கு

இவையெல்லாம் சொத்துள்ளவர்க்கே பொருந்தும் என்று சிலர் எண்ணலாம். எழுதிவைக்க வீடோ, பிரித்துவைக்க வைப்போ இல்லாத குடும்பங்களுக்கே திட்டமிடல் இன்னும் தேவை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல், உயர் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மருந்துகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும், படுத்த படுக்கையாய் இருப்போர்க்கான ஆதரவுச் சிகிச்சையும் அதில் அடங்கும். மேலே கூறிய குடும்பக் கணக்கில் மருந்துக்கும் இயன்முறை சிகிச்சைக்குமே மாதம் 10,500 ரூபாய் என்பதை நினைவிற்கொள்க. அத்தொகையில் ஒரு பகுதி மிச்சமானாலும் இரவில் உதவிக்கு ஒருவரை அமர்த்தலாம். உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்தீர்களா என்பதே நான் கேட்கும் முதற்கேள்வி.

பிள்ளைகள் இருந்தும் கவனிக்காவிட்டால், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு அளிக்கலாம். அங்கு வழக்கறிஞர் வைத்து வாதாடவேண்டியதில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க ஆணையிட அச்சட்டம் இடமளிக்கிறது. பிள்ளையற்ற முதியோர், தம் சொத்துக்கு வாரிசாகக்கூடிய உறவினரிடம் அதைக் கோரலாம். எவ்வகை உதவிக்கும் 14567 என்ற முதியோர் உதவி எண் உள்ளது. ஆணை பெற்றுத்தரும் பணம் வேறு, மனமுவந்து தரும் பணம் வேறு என்பதை அறிவேன். ஆயினும் பட்டினியும் படுக்கைப்புண்ணும் மான உணர்வுக்காகக் காத்திருப்பதில்லை.

மருத்துவமனைகளும் அரசும்

குடும்பங்களை மட்டும் குறைகூறி முடிப்பது முறையாகாது. மருத்துவமனைகளாகிய நாங்கள், வீடு திரும்பும் நாளில் மருந்துச் சீட்டையும் சிகிச்சைச் சுருக்கத்தையும் தருகிறோம். வீட்டுப் பராமரிப்புக்கு மாதந்தோறும் ஆகும் செலவின் மதிப்பீட்டைத் தருவதில்லை. நெடுநாள் பராமரிப்பு தேவைப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் அத்தகைய ஒரு தாள் தரப்படவேண்டும் என்றும், அது கடைசி நாளில் அன்றி, சேர்க்கையின் முதல் வாரத்திலேயே தரப்படவேண்டும் என்றும் நான் வலியுறுத்துகிறேன். படுக்கையில் திருப்புதல், உணவுக்குழாய் வழியே ஊட்டுதல், புண் வராமல் காத்தல் ஆகியவற்றைச் செவிலியரிடம் நேரில் கற்றுச்செல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள். ஒரு படுக்கைப்புண்ணைத் தடுப்பது, மீண்டும் ஒருமுறை மருத்துவமனையில் சேர்வதையே தடுக்கலாம்.

அரசு செய்யவேண்டியதும் உண்டு. பராமரிப்பவர் ஒரு வாரமேனும் ஓய்வுகொள்ள, முதியவரைக் குறைந்த கட்டணத்தில் தங்கவைக்கும் இடங்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும். குழந்தைப்பேற்றுக்கு விடுப்பு இருப்பதுபோல், பெற்றோர் பராமரிப்புக்கும் விடுப்பு வேண்டும். நம் அண்டை மாநிலமான கேரளம், 2008-இலேயே நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, உள்ளாட்சி அமைப்புகளையும் அக்கம்பக்கத்தாரையும் அதில் இணைத்தது. மனமிருந்தால் இங்கும் இயலும்.

ஒரு மாலைப்பொழுது போதும்

அரசு மாறும்வரை நாம் காத்திருக்க இயலாது. பொங்கலுக்கோ, திருவிழாவுக்கோ உடன்பிறந்தோர் எல்லோரும் கூடும் ஒரு மாலையில், பெற்றோரையும் நடுவில் அமர்த்தி, நான்கு கேள்விகளைக் கேட்டால் போதும். உங்களுக்கு இயலாமல்போனால் எங்கே, யாரோடு இருக்க விரும்புகிறீர்கள்? அதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது, எங்கள் ஒவ்வொருவராலும் மாதம் எவ்வளவு தர இயலும்? உடனிருந்து பார்ப்பவரின் இழப்பை மற்றவர்கள் எவ்வாறு ஈடுசெய்வது? அவருக்கு ஓய்வு எப்போது? முதற்கேள்வியைக் கேட்கும்போது குரல் நடுங்கும். பெற்றோரே பெரும்பாலும் அந்நடுக்கத்தைத் தணித்துவிடுவர். ஏனெனில் அவர்கள் இதைப் பற்றி நம்மைவிட நெடுநாளாகச் சிந்தித்துக்கொண்டிருக்கின்றனர். முடிவுகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையொப்பமிடுங்கள்.

நான் குறிப்பிட்ட அந்தக் குடும்பத்தில், இரவுக்கென ஒரு வரியைத் தாளில் சேர்த்தோம். இளைய மகன் வாரத்தில் இரண்டு இரவுகள் தாயோடு தங்குவதென்றும், மற்ற இரவுகளுக்காக அண்ணியின் கணக்கில் மாதந்தோறும் ஒரு தொகை செலுத்துவதென்றும் முடிவு செய்தனர். அண்ணியார் முதலில் மறுத்தார். மாமியார் குழறிய குரலில், வாங்கிக்கொள் என்றார்.

எங்கள் வீட்டில் அம்முடிவு காலம் கடந்தே வந்தது. நான் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குச் சென்றேன். தம்பியைத் தொலைபேசியில் அழைத்து, மூவரும் பேசினோம். அவன் முதலில் சினந்தான். பிறகு நெடுநேரம் பேசவில்லை. அக்காள் தாளைப் படித்துவிட்டு, "இதையெல்லாம் எதற்குத் தம்பி இப்போது எழுதுகிறாய்?" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனால் நீ எழுதியது சரிதான்" என்றார். அதுமுதல் நாங்கள் இருவரும் மாதந்தோறும் அவர் கணக்கில் ஒரு தொகை செலுத்தி வருகிறோம். போன ஆண்டுகளுக்கும், அடகில் மூழ்கிய வளையல்களுக்கும் அது ஈடாகாது.

உங்கள் வீட்டில் இன்னும் காலம் இருக்கக்கூடும். நோயாளியை அழைத்துச் செல்லும் நாளுக்கு முன்பே, ஒரு வெள்ளைத்தாளோடு என் அறைக்கு வாருங்கள். மாதச் செலவைச் சேர்ந்தே எழுதுவோம். இரவுக்கென ஒரு வரியை மறவாமல் எழுதுவோம்.